சேலத்து முதலாளியின் கத்தரிக்கோல்

போன எபிசோட் முடிஞ்சதும் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "எடுக்கப்படாத படங்களைப் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்க." கூடவே லிஸ்ட்டும் வந்தது. எல்லா லிஸ்ட்லயும் முதல் பேர் மருதநாயகம். 1997 அக்டோபரில் இங்கிலாந்து ராணி எலிசபெத் முன்னிலையில் சென்னையில் தொடங்கி, பாதியில் நின்ற கமல் ஹாசன் படம். இரண்டாவது பேர் எம்.ஜி.ஆர். எடுக்க நினைத்த பொன்னியின் செல்வன். 1958-ல் அறிவிப்பு வந்தது, கதை உரிமையை வாங்கினார், திரைக்கதை எழுத இளைஞர் மகேந்திரனை உட்கார வைத்தார். படம் வரவே இல்லை. மணிரத்னம் எடுத்து அது திரைக்கு வர 2022 ஆச்சு.

இந்தக் கதைகளை நாம எப்பவும் ஒரே மாதிரிதான் சொல்றோம். ஒரு பெரிய கலைஞனுக்கு ஒரு கனவு, பணமோ விதியோ குறுக்கே வந்தது, அவ்வளவுதான். இன்னைக்கு நான் வேற பக்கத்திலிருந்து கேட்கப் போறேன். ஒரு படம் எப்படி இருக்கணும், எதை வெட்டணும், எதை விடணும், எந்தப் படத்தை எடுக்கவே கூடாதுன்னு முடிவு பண்ற அதிகாரம் யார் கையில் இருந்தது? அந்தக் கேள்விக்கு ரொம்பத் தெளிவான பதில் கோடம்பாக்கத்தில் இல்லை. சேலத்தில், ஏற்காடு போற சாலையில் இருந்தது.

லீட்ஸில் படித்த ஜவுளிக்காரர்

டி.ஆர். சுந்தரம். முழுப் பெயர் திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். 1907-ல் திருச்செங்கோட்டில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவர். குடும்பத் தொழில் நூல், துணி. அதனால் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். திரும்பி வரும்போது பட்டத்தோடு கிளாடிஸ் என்ற ஆங்கிலேய மனைவியும் வந்தார்.

ஜவுளி படித்தவர் சினிமாவுக்குள் வந்தது சேலத்தைச் சேர்ந்த வேலாயுதம் பிள்ளையோடு கூட்டு சேர்ந்து. கம்பெனி பெயர் ஏஞ்சல் ஃபிலிம்ஸ். 1934-ல் திரௌபதி வஸ்திராபஹரணம் எடுத்தார்கள். அன்னைக்கு ஒரு தமிழ்ப் பேசும் படம் எடுக்கணும்னா சேலத்திலிருந்து நடிகர்கள், பாடகர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர் உட்பட எல்லாரையும் ரயிலேற்றி கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ கூட்டிட்டுப் போகணும். ஸ்டுடியோ வாடகை, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நாள் கணக்கு. ஒரு காட்சி சரியா வரலைன்னா "நாளைக்கு மறுபடி எடுப்போம்"னு சொல்ல முடியாது. நாளைக்கு அந்த ஃப்ளோர் வேற யாருக்கோ.

இதை யோசிச்சுப் பாருங்க. நாம "கிரியேட்டிவ் சாய்ஸ்"னு சொல்றதுக்கு முதல் நிபந்தனை, திரும்பச் செய்ய முடியணும். ரீடேக் எடுக்க முடியாத இடத்தில் தேர்வு என்று ஒன்று கிடையாது. கிடைச்சதுதான் படம். சுந்தரம் 1930-களின் நடுவில் சேலத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைக் கட்டியதுக்கு வணிகக் காரணம் இருந்தது. ஆனா அதோட பலன் கலை சம்பந்தப்பட்டது. தளம், கேமரா, ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் அறை எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள். நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்தில். காலையில் சங்கு ஊதினால் வேலை தொடங்கும் மில் மாதிரியே நடந்தது. எல்லாரும் அவரைக் கூப்பிட்ட பெயரும் மில்லில் கூப்பிடும் பெயர்தான்: முதலாளி.

1937-ல் முதல் படம் சதி அகல்யா. அதுக்கப்புறம் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், சிங்களம்னு நூற்றுக்கும் மேல் படங்கள். இதில் கணிசமான படங்களை முதலாளியே இயக்கினார். அதாவது "இயக்குநர் கேட்டார், தயாரிப்பாளர் மறுத்தார்" என்ற சண்டைக்கே இங்கே இடமில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்.

பாலன்: மாறிய கதை, மறைந்த படம்

முதல் உதாரணம், மலையாளத்தின் முதல் பேசும் படம். பாலன், 1938. கேரளாவில் எடுக்கப்பட்ட படமில்லை, சேலத்தில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் எஸ். நொட்டானி, ஒரு பார்சி. ஒளிப்பதிவு போடோ குட்ஷ்வாகர், ஒரு ஜெர்மானியர். தயாரித்தவர் திருச்செங்கோட்டுத் தமிழர். வசனம் எழுதியவர் முதுகுளம் ராகவன் பிள்ளை.

ஆனா முதலில் எடுப்பதாக இருந்தது வேறு கதை. ஏ. சுந்தரம் என்பவர் எழுதி வைத்திருந்த "விதியும் மிஸிஸ் நாயரும்". மலையாளத்தில் ஒரு பேசும் படம் வரணும்னு சேலத்துக்கு வந்து கதவைத் தட்டியவர் அவர். பேச்சு நடந்து, வேலை தொடங்கி, அந்தக் கதை கழன்றுபோய், அநாதைக் குழந்தைகள் இருவர் சித்தியிடம் படும் பாடாக பாலன் உருவானது. ஒரு மொழியோட முதல் பேசும் படமே ஒரு எடுக்கப்படாத படத்தின் மேல்தான் நிற்குது.

"மிஸிஸ் நாயர்" எடுக்கப்பட்டிருந்தால் மலையாள சினிமா எப்படிப் போயிருக்கும்னு கேட்கத் தோணும். ஆனா அதைவிடக் கசப்பான விஷயம் இன்னொண்ணு. எடுக்கப்பட்ட பாலனும் இன்னைக்கு இல்லை. பிரதி எதுவும் மிஞ்சலை. சில புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமும்தான் நம்ம கையில். எடுக்கப்படாத படமும் எடுத்துத் தொலைந்த படமும் எண்பது வருஷம் கழிச்சு ஒரே அலமாரியில் உட்கார்ந்திருக்கு. இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் இங்கேதான் வருவோம்.

ஒரே ஃபிரேமில் இரண்டு சின்னப்பா

1940-ல் உத்தம புத்திரன். அலெக்சாண்டர் டூமாவோட இரும்பு முகமூடி மனிதன் கதை. அரச குடும்பத்தில் இரட்டையர், ஒருவன் அரியணையில், இன்னொருவன் மறைவில். பி.யு. சின்னப்பா இரண்டு வேடத்திலும் நடித்தார். தமிழில் இரட்டை வேடப் படங்களுக்கு இதுதான் தொடக்கம். இயக்கம் சுந்தரம், ஒளிப்பதிவு மறுபடியும் குட்ஷ்வாகர்.

அந்தக் காலத்தில் ஒரே ஃபிரேமில் ஒரு நடிகரை இரண்டு தடவை காட்டும் வழி என்னன்னா, லென்ஸின் ஒரு பாதியை மறைத்து, சின்னப்பாவை மறுபாதியில் நிறுத்தி எடுப்பாங்க. அப்புறம் அதே ஃபிலிமைத் தொடங்கின இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, இந்தத் தடவை எடுத்த பாதியை மறைத்து, சின்னப்பாவை வேற உடையில் எதிர்ப்பக்கம் நிறுத்தி எடுப்பாங்க. நடுவில் கேமரா ஒரு நூலளவும் அசையக்கூடாது. முதல் தடவை யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசிய வசனத்துக்கு, இரண்டாவது தடவை சரியான நொடியில் பதில் சொல்லணும். இடையில் எங்கே தப்பு நடந்தாலும் முழு ஷாட்டும் குப்பை. அண்டூ கிடையாது. ஃபிலிமை லேபில் கழுவி முடிக்கிற வரை தப்பு நடந்ததே தெரியாது.

கல்கத்தாவில் வாடகைத் தளத்தில் இதை முயற்சி பண்ண எந்த முதலாளிக்கும் தைரியம் வராது. சொந்தத் தளமும் சொந்த லேபும் இருந்ததால்தான் வந்தது.

அடுத்து போர் வந்தது. கச்சா ஃபிலிம் எல்லாம் வெளிநாட்டு இறக்குமதி. கப்பலில் போர்ச் சரக்குக்குத்தான் முதலிடம். 1942-ல் அரசு ஒரு எல்லை வைத்தது: ஒரு கதைப் படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது. 35 எம்எம் ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரமும் இரண்டு நிமிஷமும். அதுக்கு முன்னாடி தமிழ்ப் படங்கள் மூன்று மணி நேரம் சர்வசாதாரணமாக ஓடும், ஒரு படத்தில் முப்பது நாற்பது பாட்டு இருக்கும். தமிழ் சினிமாவில் பாட்டுகளோட எண்ணிக்கை குறைந்ததுக்கு ரசனை மாற்றம்னு பல பேர் எழுதியிருக்காங்க. ரசனை மாறியது உண்மைதான். ஆனா அளவுகோலை முதலில் கையில் எடுத்தது போர்க்கால அரசு. கலை வரலாற்றில் சில திருப்பங்களுக்கு அடிக்கணக்குதான் காரணம்.

இரண்டு இயக்குநர், ஒரு தாடி, ஒரு பாட்டு

இப்போ 1950. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவில் சினிமா படித்து, 1935-ல் இந்தியா வந்தவர். தமிழ் தெரியாமலே சதி லீலாவதி, சகுந்தலை, மீரா எடுத்தவர். சதி லீலாவதியில் அறிமுகமான சின்ன நடிகர்களில் ஒருத்தர் எம்.ஜி.ஆர். பதினாலு வருஷம் கழிச்சு அதே எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து மாடர்ன் தியேட்டர்ஸுக்கு டங்கன் தொடங்கிய படம் மந்திரி குமாரி. கதை வசனம் மு. கருணாநிதி, அவரோட மேடை நாடகத்திலிருந்து.

இந்தப் படத்தைப் பற்றி மூணு விஷயம்.

ஒண்ணு, நாயகன் தேர்வு. எம்.ஜி.ஆர். வேணும்னு கருணாநிதி சொன்னாராம், முதலாளி தயங்கினாராம். காரணம் எம்.ஜி.ஆரின் முகவாய். இரட்டை நாடி தெரியுது, நாயகனுக்கு ஒத்துவராதுன்னு. கடைசியில் ஒரு சின்னத் தாடி வைத்துச் சமாளித்தார்கள்னு சொல்வாங்க. படத்தைப் பாருங்க, தாடி இருக்கும். தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் அந்த இருவரின் பேரும் சேர்ந்து நின்ற இடங்களில் இது ரொம்ப முக்கியமானது. அது ஒட்டுத் தாடி அளவு இடைவெளியில் நடந்திருக்கு.

இரண்டு, இயக்கம். படம் முடியறதுக்கு முன்னாடியே டங்கன் அமெரிக்கா திரும்பிவிட்டார். மிச்சத்தை சுந்தரம் முடித்தார். டைட்டிலில் இரண்டு பேரும் இருக்கும். இப்போ சொல்லுங்க, இதுல "டைரக்டர்ஸ் கட்" எது? டங்கன் மனசில் வைத்திருந்த படம் ஒண்ணு, சுந்தரம் முடித்த படம் ஒண்ணு. தியேட்டருக்கு வந்தது இரண்டாவது. முதலாவது எங்கேயும் பதிவாகலை.

மூணு, அந்த மலை உச்சிக் காட்சி. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ராஜகுருவின் மகன் பார்த்திபன் பகலில் பெரிய மனுஷன், இரவில் கொள்ளைக்காரன். அவனைக் காதலித்து மணந்த மந்திரி மகள் அமுதவல்லியைக் கொல்ல மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறான். போகும் வழியில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் 'வாராய்' பாட்டு. உச்சியில் அவன் எண்ணம் தெரிந்ததும் அவள், கடைசியாக உங்களை மூணு தடவை சுற்றி வந்து வணங்கணும்னு கேட்கிறாள். சுற்றும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

இந்தப் பாட்டு படத்தோட வேகத்தைக் குறைக்குதுன்னு முதலாளி வெட்டப் பார்த்தார், இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் தரப்பு விடவில்லை, ரசிகர்களுக்குப் பிடிக்கலைன்னா எடுத்துடலாம்னு ஒப்பந்தமாச்சுன்னு ஒரு கதை சினிமாக்காரர்களிடையே ரொம்ப நாளா உலவுது. கதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நடந்ததோ இல்லையோ, அதில் இருக்கும் நடைமுறை உண்மை. அன்னைக்கு வெளியீட்டுக்குப் பிறகும் படம் முடிந்த படமில்லை. பிரதி என்பது செல்லுலாய்ட் சுருள். ஆபரேட்டர் அறையில் கத்தரியும் ஒட்டுப் பசையும் இருந்தால் போதும், ஒரு பாட்டு காணாமல் போகும். கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி ஆட்டத்தை முடிக்கணும்னு டூரிங் டாக்கீஸில் ஒரு ரீலைச் சுருக்குவதும் நடக்கும். ஆத்தூரில் ஓடிய படமும் மதுரையில் ஓடிய படமும் ஒரே படமாக இருக்கணும்னு அவசியமே இல்லை.

நான் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் இது. ஒரே மென்பொருள், ஒவ்வொரு வாடிக்கையாளர் மெஷினிலும் கொஞ்சம் வேற மாதிரி ஓடும். எங்களுக்காவது எந்த வெர்ஷன் எங்கே ஓடுதுன்னு ஒரு பதிவு இருக்கும். அன்னைக்கு அந்தப் பதிவு பார்த்தவங்க ஞாபகத்தில் மட்டும்தான். 'வாராய்' பாட்டு தப்பித்ததுக்குக் காரணம் ஒரே ஒரு விஷயம், ஜனங்களுக்குப் பிடிச்சது.

அமெரிக்காவுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு

1952-ல் சுந்தரம் இன்னும் பெரிய சூதாட்டம் ஆடினார். ஹாலிவுட்டின் லிப்பர்ட் பிக்சர்ஸோட சேர்ந்து தி ஜங்கிள். இயக்கம் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் மூணு பேரும் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். இந்தியக் காட்டுக்குள் யானைகள் மிரண்டு ஓட, காரணம் தேடிப் போனவர்களுக்கு முன்னால் பழங்கால மாமத் நிற்கும் கதை. மாமத்துக்கு கிராஃபிக்ஸ் எங்கே? யானைக்குக் கம்பளி முடி போர்த்தி நடக்கவிட்டார்கள்.

தமிழில் இது காடு என்று வந்தது. ஒரே படப்பிடிப்பு, இரண்டு சந்தை. அமெரிக்கருக்கு இது இரட்டைக் காட்சியில் ஓடும் மலிவான சாகசப் படம். அவங்களுக்கு வேண்டியது யானை, புலி, மகாராணி. நமக்கு அதுவே சேலம் கம்பெனி எடுத்த இங்கிலீஷ் படம், அதுதான் விளம்பரம். அமெரிக்காவில் இன்னைக்கும் பழைய பி-கிரேடு படப் பிரியர்கள் தி ஜங்கிளைத் தேடிப் பார்க்கிறாங்க. காடு என்ற தமிழ்ப் பேரைச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கலர் யாருக்கு?

1956 பொங்கலுக்கு அலிபாபாவும் 40 திருடர்களும். எம்.ஜி.ஆர்., பானுமதி. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், கேவாகலரில். இந்தக் கதை தமிழுக்குப் புதுசில்லை. 1941-லேயே என்.எஸ். கிருஷ்ணன் அலிபாபாவாக நடித்த படம் வந்தாச்சு. இந்தியில் ஹோமி வாடியா 1954-ல் எடுத்திருந்தார். தெரிஞ்ச கதையை எதுக்கு மூணாவது தடவை?

எனக்குத் தோணுற பதில்: தெரிஞ்ச கதையாக இருந்ததால்தான். கலர் ஃபிலிம் விலை அதிகம், விளக்கு அதிகம் வேணும், மேக்கப்பும் துணியும் செட்டும் எப்படிப் பதியும்னு யாருக்கும் அனுபவம் இல்லை. எல்லாமே புதுசாக இருக்கும்போது கதை ஒண்ணாவது பழசாக இருக்கட்டும். புது டெக்னாலஜியைத் தெரிஞ்ச பிரச்சினையில் முதலில் பரீட்சை பண்ற புத்தி இது. அந்த ஜவுளி இன்ஜினியர் மூளை அங்கே வேலை செய்திருக்கு. சாயம் எப்படிப் பிடிக்கும்னு கவலைப்பட வேண்டியவர், குகை எப்படித் திறக்கும்னு கவலைப்பட வேண்டாம்.

ஐந்து வருஷம் கழிச்சு, 1961-ல், மலையாளத்தின் முதல் வண்ணப் படமான கண்டம் பெச்ச கோட்டு வந்ததும் இதே கம்பெனியிலிருந்துதான். இயக்கமும் சுந்தரமே. ஒரு மொழியின் முதல் பேசும் படமும் முதல் வண்ணப் படமும் பக்கத்து மாநிலத்தின் ஒரு உள்நாட்டு ஊரில் உருவானது வேறெங்கே நடந்திருக்கு?

எம்.ஜி.ஆர். எடுக்காத உத்தம புத்திரன்

இப்போ எடுக்கப்படாத படத்துக்கு வருவோம். பொன்னியின் செல்வன் இல்லை, அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது.

1950-களின் பிற்பகுதியில் உத்தம புத்திரனை மறுபடி எடுக்க ஒரே நேரத்தில் இரண்டு தரப்பு கிளம்பியது. ஒரு பக்கம் வீனஸ் பிக்சர்ஸ், சிவாஜி கணேசன் நாயகன், ஸ்ரீதர் திரைக்கதை வசனம், டி. பிரகாஷ் ராவ் இயக்கம். இன்னொரு பக்கம் எம்.ஜி.ஆர். இரண்டு தரப்பும் விளம்பரம் கொடுத்தாச்சு. டூமா 1870-லேயே இறந்துவிட்டார், பிரெஞ்சு நாவலை யாரும் எடுக்கலாம். ஆனா தமிழில் உத்தம புத்திரன் என்ற பெயரும் அந்தத் திரைவடிவமும் மாடர்ன் தியேட்டர்ஸின் சொத்து. வீனஸ் அதைச் சேலத்திலிருந்து முறையாக வாங்கியிருந்தது. எம்.ஜி.ஆர். விலகினார். 1958 பிப்ரவரியில் சிவாஜியின் உத்தம புத்திரன் வெளியானது.

அதே 1958 ஆகஸ்டில் எம்.ஜி.ஆர். தானே தயாரித்து முதல் தடவையாக இயக்கிய நாடோடி மன்னன் வந்தது. அதிலும் அரண்மனை, அதிலும் உருவ ஒற்றுமை, அதிலும் இரட்டை வேடம். ஆனா அடிப்படை டூமா இல்லை, ஆண்டனி ஹோப் எழுதிய ஸெண்டா கைதி. இந்த வித்தியாசத்தைக் கவனிங்க. உத்தம புத்திரனில் நல்லவனும் கெட்டவனும் அண்ணன் தம்பி. அரியணை ரத்தத்தில் பிறந்த ஒருத்தனிடமிருந்து அதே ரத்தத்தில் பிறந்த இன்னொருத்தனுக்குப் போகுது. நாடோடி மன்னனில் அரியணையில் உட்காருபவன் மன்னனுக்கு எந்த உறவும் இல்லாத சாதாரண ஆள். உட்கார்ந்த கையோடு சட்டம் போடுகிறான். திராவிட இயக்க மேடையில் நின்ற ஒரு நடிகருக்கு இதில் எது பொருத்தம்?

எம்.ஜி.ஆர். மனசில் நாடோடி மன்னன் மாதிரி ஒரு கதை முன்னாடியே இருந்தது உண்மை. உரிமை கிடைக்காததால் மட்டும் அது பிறந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கு உத்தம புத்திரன் உரிமை கிடைத்திருந்தால், அந்த வருஷம் அவர் பணத்தையும் உடம்பையும் போட்டு எடுத்த படம் எதுவாக இருந்திருக்கும்? ரத்த உறவால் அரியணை பெறும் ஒரு இளவரசனின் கதையாக இருந்திருக்கும். எடுக்கப்படாத படம் எப்பவும் இழப்பு இல்லை. சில நேரம் அது அடுத்த படத்துக்கு வழி விடும்.

நாமக்கல் கள்ளன், ஆறு மொழி

இந்தச் சமவெளியின் இன்னொரு கதையும் இங்கே சொல்லியாகணும். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை, பாட்டுக்காகத்தான் நமக்குத் தெரியும். அவர் எழுதிய நாவல் மலைக்கள்ளன். இதைச் சேலம் எடுக்கலை. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் எடுத்தார். எம்.ஜி.ஆர். நாயகன், கருணாநிதி வசனம். அப்புறம் அதே நாயுடு தெலுங்கில் என்.டி. ராமாராவை வைத்து அக்கி ராமுடு, இந்தியில் திலீப் குமாரை வைத்து ஆசாத். கன்னடம், மலையாளம், சிங்களமும் சேர்த்து மொத்தம் ஆறு மொழி.

"ஆல்டர்நேட் கட்"னு சொன்னா நாம ஒரே காட்சிகளை வேற மாதிரி அடுக்குவதை நினைக்கிறோம். அந்தக் கால ஸ்டுடியோக்காரர்கள் அதைவிட நேரடியாக யோசித்தார்கள். முழுப் படத்தையே வேற ஆளை வைத்து மறுபடி எடு. எம்.ஜி.ஆரிடம் ஏழைகளின் காவலனாக நின்ற கள்ளன், திலீப் குமாரிடம் போனதும் குறும்பும் கலகலப்புமாக மாறினான். சோகப் படங்களிலேயே நடித்து நொந்திருந்த திலீப்புக்கு அது ஒரு விடுதலையாக இருந்தது. நாமக்கல்லில் பிறந்த ஒரு கள்ளனுக்கு ஆறு முகம். எது அசல்னு கேட்டால், என்னைக் கேட்டால் நாவல்கூட இல்லை, ஆறும்தான்.

மிச்சம் என்ன?

1963 ஆகஸ்டில் சுந்தரம் இறந்தார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்து துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளினார். வல்லவன் ஒருவன், சி.ஐ.டி. சங்கர் எல்லாம் அந்தக் காலம். அதுக்கப்புறம் தொழிலே சென்னைக்குள் ஒடுங்கியது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்டுடியோ முடிவுக்கு வந்தது. தளங்கள் போய் வீடுகள் வந்தன. ஏற்காடு சாலையில் இன்னைக்கு நிற்பது அந்த முகப்பு வளைவு மட்டும். பைக்கில் ஏற்காடு ட்ரிப் போறவங்க அதைத் தாண்டித்தான் போறீங்க.

கட்டடம் போனது ஒரு பக்கம். படங்கள் போனதுதான் பெரிய விஷயம். 1950 வரைக்கும் பெரும்பாலும் நைட்ரேட் ஃபிலிம். சீக்கிரம் தீப்பிடிக்கும், நம்ம ஊர் வெயிலில் தானாகவே மக்கும். ஓடி முடிந்த பிரதிகளை வெள்ளி பிரித்தெடுக்க எடைக்குப் போடுவது நாடு முழுக்க நடந்தது. புனேயில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல், சுந்தரம் இறந்து அடுத்த வருஷம். அவர் தன் வாழ்நாளில் எடுத்த எந்தப் படத்துக்கும், எடுத்த நாளில் போய்ச் சேர ஒரு காப்பகம் இருக்கலை.

இங்கே மந்திரி குமாரிக்கு ஒரு தடவை திரும்பிப் போறேன். அந்த மலை உச்சிக் கதை கருணாநிதியின் சொந்தக் கற்பனை இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியிலிருந்து வந்தது. பௌத்தக் காப்பியம். அந்த நூல் இன்னைக்கு முழுசா இல்லை. பத்தொன்பது பாடல்கள்தான் மிஞ்சியிருக்கு. அப்போ கதை நமக்கு எப்படித் தெரியும்? அதை மறுத்து எழுதப்பட்ட சமண நூல் நீலகேசி பிழைத்தது. நீலகேசிக்கு எழுதப்பட்ட உரை பிழைத்தது. எதிராளி எடுத்துச் சொன்னதாலும், பாலி மொழி நூல்களில் அந்தப் பெண்ணின் கதை இருந்ததாலும் குண்டலகேசி நமக்குத் தெரியுது. தொலைந்துபோன ஒரு நூலின் கதை, அதைப் பத்தி யாரோ எழுதி வச்ச குறிப்பு வழியா, 1950-ல் சேலத்தில் படமாச்சு.

பாலனுக்கு இன்னைக்கு இருக்கிறது ஒரு பாட்டுப் புத்தகமும் சில ஸ்டில்லும். அந்தப் பாட்டுப் புத்தகம் தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்றது. கடைசிப் பக்கத்தில் "மற்றவை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடியும் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டு வரிகள். வெள்ளித்திரையே போன பிறகு அந்த நாலு பக்கம்தான் படம். எந்தப் பாட்டு முதலில் இருந்து பிறகு வெட்டப்பட்டதுன்னு சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் பல நேரம் அதுதான். புத்தகம் வெளியீட்டுக்கு முன்னாடியே அச்சாகிவிடும், கத்தரிக்கோல் பிறகுதான் வரும்.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கம் உங்க தாத்தா பாட்டி வீடு இருந்தால், பரண் மேல இருக்கும் டிரங்குப் பெட்டியை அடுத்த தடவை திறந்து பாருங்க. பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டுடியோ சம்பளச் சீட்டு, குரூப் ஃபோட்டோ எது இருந்தாலும் பழைய பேப்பர்க்காரரிடம் போடும் முன்னாடி ஃபோனில் ஒரு படம் எடுத்து வைங்க. இருக்கிறவங்ககிட்ட பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. அந்த ஸ்டுடியோவில் லைட் தூக்கினவங்க, துணி தைத்தவங்க, கூட்டக் காட்சியில் நின்றவங்க சிலர் இன்னும் இருக்காங்க. எடுக்கப்படாத படத்தை நம்மால் எடுக்க முடியாது. எடுத்துத் தொலைந்த படத்துக்கு ஒரு உரையாசிரியராக இருக்க முடியும்.

அடுத்த எபிசோடில் கோயம்புத்தூர் போறோம், பட்சிராஜா, சென்ட்ரல் ஸ்டுடியோ இரண்டையும் பார்க்க.